கிபானாவில் சேமித்த தேடல்களை ஏபிஐ வழியே நகலெடுத்தல்

கேள்வி – காரைக்குடி
வணக்கம். ஆத்தங்குடிக் கற்களை இணையத்தில் விற்கும் எங்கள் நிறுவனத்தின் சர்வர் பதிவுகளுக்காக, அவற்றைத் தேடிப் பார்க்க உதவும் கிபானா மென்பொருளில் சேமித்துள்ள தேடல்களை, தேவகோட்டைக் கிளைக்கென்று திறந்த தனி ஸ்பேஸிலும் (கிபானாவுக்குள் பிரித்த பகுதி) அமைக்க வேண்டியுள்ளது. ஒவ்வொன்றையும் திரையில் திறந்து சேமிக்காமல், மூலத் தேடல்களும் மாறாமல், ஏபிஐ (நிரல்வழிக் கோரிக்கைகளை ஏற்கும் இடைமுகம்) வழியே நகலெடுக்க இயலுமா?

மறுமொழி – தேவகோட்டை
இயலும், ஐயா. எக்ஸ்போர்ட் ஏபிஐக்கு ‘சர்ச்’ என்னும் வகையைக் குறிப்பிட்டுப் போஸ்ட் கோரிக்கை அனுப்பினால், வரிக்கு ஒரு ஜேசான் (தரவை உரையாக எழுதும் வடிவம்) பொருளாக அமைந்த என்டிஜேசான் கோப்பு கிடைக்கும். அதைப் புதிய ஸ்பேஸின் முகவரியிலுள்ள இம்போர்ட் ஏபிஐக்குக் கொடுக்கும்போது ‘கிரியேட் நியூ காப்பீஸ்’ என்பதை ட்ரூ என வைத்தால், ஒவ்வொரு தேடலுக்கும் புதிய ஐடி உருவாகும். இதனுடன் ஏற்கெனவே உள்ளதன் மேல் எழுதும் ‘ஓவர்ரைட்’ அமைப்பைச் சேர்த்து அனுப்ப முடியாது. ‘கேபிஎன்-எக்ஸ்எஸ்ஆர்எஃப்’ ஹெட்டர் (கோரிக்கையுடன் செல்லும் தலைப்புத் தகவல்) இல்லாவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும். பலர் இந்த இடத்தில் கடவுச்சொல்லைச் சந்தேகித்துப் பொழுதை வீணாக்குகிறார்கள்.

மறுமொழி – பள்ளத்தூர்
மேலே கூறியது சரியே. ஆனால், தேடல் சார்ந்திருக்கும் டேட்டா வியூவும் (எந்தத் தரவில் தேடுவது என்னும் வரையறை) உடன் செல்ல வேண்டுமெனில், எக்ஸ்போர்ட்டின்போதே ‘இன்க்ளூட் ரெஃபரன்சஸ் டீப்’ என்பதையும் ட்ரூ ஆக்குங்கள். இம்போர்ட்டை மறுபடி இயக்கினால் இன்னொரு தொகுதி நகல்கள் சேர்ந்துவிடும் என்பதால், இதைத் தினசரி ஸ்கிரிப்ட்டில் வைப்பது என் கருத்தில் உகந்ததன்று.

கேட்டவர்
நன்றி. வடிகட்டியிலுள்ள சர்வர் பெயரைக் கோப்பிலேயே மாற்றலாமா?

மறுமொழி – தேவகோட்டை
மாற்றலாம். வடிகட்டி ஜேசானுக்குள் சரமாக (மேற்கோளுக்குள் அமைந்த உரையாக) பொதிந்திருப்பதால், மேற்கோள் குறிகளுக்கு முன்னுள்ள பின்சாய்கோடுகள் கலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.