சாமிப் படத்தைக் குனிய வைத்தவர்கள்

கொட்டகலையிலிருந்து ஒருத்தி

தொலைக்காட்சி நாடகத்துக்கு வீடு கொடுத்தவர்கள், சாமான் கொடுத்தவர்கள், சுவருக்குப் பெயின்ட் அடித்தவர்கள் என்று மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆனால் எழுதப்படுவதெல்லாம் நடித்தவர்களைப் பற்றித்தான். உங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். அந்த வேலையைச் செய்கிறவள் என்பதால் நானே தொடங்குகிறேன். சம்பளப் பட்டியலில் என்னை உள்ளக வடிவமைப்பாளர் என்று எழுதுவார்கள். தோட்டத்தில் நான் 'டீவிக்காரருக்கு வீடு சோடிக்கிற பிள்ளை'.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையான லயத்துக் காம்பராவின் அளவை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; பிறந்ததே அதற்குள்தான். 10க்கு 12 அடி. அதற்குள் கட்டில், அலுமாரி, தையல் மெஷின், பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் எப்படியோ அடங்கியிருக்கும். கொழும்பிலிருந்து வரும் இயக்குநர் முதலில் திணறுவது கமெராவை எங்கே வைப்பது என்றுதான். முன்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் எதிர்ச்சுவர் மூக்கில் இடிக்கும். அகல லென்ஸ் போட்டால் காம்பரா கல்யாண மண்டபம் போல விரிந்துவிடும். அதில் குடியிருந்தவர்கள் ஒரு பார்வையிலேயே சிரித்துவிடுவார்கள். அதனால் பணம் இருக்கிற தயாரிப்பு என்றால் இஸ்தோப்பு என்கிற முன் விறாந்தையையும் வாசலையும் உண்மையான லயத்தில் எடுத்துவிட்டு, உள்ளே நடப்பதை வேறு ஒரு மண்டபத்தில் பலகைச் சுவர் கட்டி எடுப்போம். மூன்று சுவர் நிலையாக நிற்கும், நான்காவதைக் கழற்றலாம். கேட்கிறவர்களிடம் சரியான அளவு என்றுதான் சொல்வேன், ஆனால் பக்கத்துக்கு ஓர் அடி கூட்டித்தான் கட்டுவேன். இல்லாவிட்டால் ஒலிவாங்கி பிடிக்கிறவர் நிற்க இடமிருக்காது.

பணம் இல்லாத தயாரிப்புதான் அதிகம். அப்போது யாருடைய வீட்டையாவது இரண்டு மூன்று நாள் வாடகைக்கு எடுப்பார்கள். என் வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி அங்கேதான் தொடங்குகிறது. வீட்டை அலங்கரிப்பதற்காக என்னை அழைப்பதில்லை, அலங்காரத்தைக் கழற்றுவதற்காக அழைக்கிறார்கள். கண்ணாடி ஷோகேஸ் வேண்டாம். அதற்குள் மத்திய கிழக்கிலிருந்து மகள் அனுப்பிய கோப்பை செட் வேண்டாம். பிளாஸ்டிக் ரோசாப்பூ வேண்டாம். சுவரில் மூத்த மகனின் பட்டமளிப்புப் படம் தொங்கினால் அது வேண்டவே வேண்டாம், 'லயம் மாதிரித் தெரியவில்லை' என்பார்கள். அந்தப் படம் தொங்கும் வீடு லயத்தில்தானே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். 'பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்' என்று பதில் வந்தது. பார்ப்பவர்கள் யார்? அந்த லயத்தில் இருப்பவர்களும்தானே.

இளம்பச்சைச் சுவருக்குக் கரி பூசச் சொல்வார்கள். மின்குமிழைக் கழற்றிவிட்டுக் குப்பி விளக்கு வைக்கச் சொல்வார்கள், கதை நடப்பது இந்த வருடமாக இருந்தாலும்கூட. குமிழை மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்இடி குமிழ் அந்தத் தாளத்துக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம் கமெராவில் கறுப்புப் பட்டைகளாக மேலும் கீழும் ஓடும். அதற்காக மாற்றினால் வீட்டுக்காரருக்குக் காரணம் சொல்ல முடியும். ஏழ்மை தெரிய வேண்டும் என்று கழற்றினால் என்ன சொல்வது?

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று படம் எடுத்து வைத்துக்கொள்வேன். காட்சிக்குக் காட்சி சாமான் இடம் மாறாமல் இருக்கவும் அது வேண்டும், முடிந்ததும் இருந்த இடத்திலேயே திருப்பி வைக்கவும் வேண்டும். நாட்காட்டியில் மாதம் மாறியிருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அதைக் கவனிப்பதற்கென்றே வீட்டுக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார்.

பழமை காட்டுவதற்குத் தேயிலையை விட்டால் வேறு வழியில்லை. புதுத் திரைச்சீலையை டஸ்ட் தேயிலை போட்டுக் கொதிக்க வைத்த சாயத்தில் ஊறவைத்தால் பல வருடம் புகை குடித்த நிறம் வந்துவிடும். பலகைக்கு இன்னும் நல்ல வித்தை இருக்கிறது. முதலில் கடுஞ்சாயத்தைப் பூசிக் காயவிட வேண்டும். துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் சில நாள் போட்டு வைத்த தண்ணீரை அதன்மேல் தடவினால், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். காலையில் ஆலையிலிருந்து வந்த பலகை மத்தியானம் தாத்தா காலத்துப் பலகை ஆகிவிடும். உலகத்தில் எங்கே நாடகம் எடுத்தாலும் இதற்குத் தேயிலைதான் வாங்குகிறார்கள். நமக்குப் பக்கத்து ஸ்டோரிலேயே, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலேயே, கிடைக்கிறது.

மழையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மே முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் படப்பிடிப்பு வைக்கிற தயாரிப்பாளருக்குப் பணம் கூடிப்போய்விட்டது என்று பொருள். அந்த மாதங்களில் ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளை என்று போய்விட வேண்டும். வடகீழ் பருவமழை தொடங்கினால் அங்கே நனையும், ஜனவரி பிறந்ததும் இந்தப் பக்கம் வெளிக்கும். தகரக் கூரைமேல் தூறல் விழுந்தாலே வசனம் கேட்காது. கூரையில் ஈரச் சாக்குகளை விரித்துச் சத்தத்தை அடக்குவோம். பெருமழைக்கு அதுவும் உதவாது, தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தலைப்பில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தில் விளக்கின் பிம்பம் விழுந்தால் காட்சி கெட்டுவிடும். அதனால் சட்டத்தின் மேல்விளிம்புக்குப் பின்னால் மடித்த மட்டைத் துண்டு ஒன்றைச் செருகிப் படத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்ப்போம். முருகன், மாரியம்மன், பிள்ளையார் என்று வரிசையாகச் செருகிக்கொண்டு போனேன். வீட்டுப் பாட்டி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 'சாமியை ஏன் குனிய வைக்கிறாய், பிள்ளை?' விளக்கின் பிம்பத்தைப் பற்றி விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'சரி, அவர் எங்களைப் பார்க்கக் குனிந்தார் என்று வைத்துக்கொள்கிறேன். போகும்போது நிமிர்த்திவிட்டுப் போ' என்றார். மட்டையை எடுத்துவிட்டுத்தான் வந்தேன். அவரும் பக்கத்தில் நின்று சரிபார்த்தார்.

டிக்கோயா, வீடு கொடுத்தவர்

தங்கச்சி, உன்னைப் போல் கேட்டுச் செய்கிறவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எந்த நிறுவனம் என்று எழுதவில்லை, அது வேண்டாம். இரண்டு நாள் என்றார்கள், நான்கு நாள் ஆனது. அதற்குக்கூட நான் கோபப்படவில்லை. பிள்ளைகளுக்கு வேடிக்கை, பக்கத்து லயத்துக்காரர்களுக்குத் திருவிழா. நடிகைக்கு நான் சுட்ட ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிடித்துவிட்டது, தினமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

எனக்கு வலித்தது ஷோகேஸ் விஷயம்தான். நான் கொழுந்து பறித்துச் சீட்டுப் பிடித்து வாங்கியது அது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு படங்கை மூடிவிட்டார்கள். அதற்குப் பதிலாக உள்ளே வைத்தது எங்கிருந்தோ கொண்டு வந்த ஓட்டைப் பானைகள், ஒரு உடைந்த வாங்கு. ஓட்டைப் பானையில் எந்தப் பெண் சோறு வடிப்பாள்? அந்தக் காலத்தில் எங்கள் அம்மா சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்து வைத்த பாத்திரத்தில் முகம் பார்க்கலாம். ஏழை வீடு என்றால் அழுக்கு வீடு என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ.

நாடகம் ஒளிபரப்பான அன்றிரவே கொழும்பில் வேலை செய்யும் என் தங்கச்சி தொலைபேசியில் அழைத்துவிட்டாள். 'அக்கா, ஷோகேஸை அடகு வைத்துவிட்டீர்களா? ஏதும் கஷ்டம் என்றால் என்னிடம் சொல்லக் கூடாதா?' அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் நாடகமே முடிந்துவிட்டது. என் வீடு எப்படி வந்தது என்று நான் இன்றுவரை முழுதாகப் பார்க்கவில்லை.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. சுவரில் கரி மாதிரி ஏதோ பூசினார்கள். திரும்ப வந்து பெயின்ட் அடித்துத் தருவோம் என்றவர்கள் வரவில்லை. நாங்களே வெள்ளை அடித்தோம். ஒரு மாதத்தில் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு மேலே வந்துவிட்டது. வயர் ஒட்டிய டேப்பின் பசையும் கதவு நிலையில் அப்படியே இருக்கிறது. என்ன செய்வது?

நுவரெலியா, தச்சு வேலை

அந்தக் கழற்றும் சுவர்களைச் செய்து கொடுப்பவர்களில் நானும் ஒருவன். எங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே மூடுபனியும் ஒரு நடிகர்தான், சம்பளம் மட்டும் கிடையாது. கொழும்பில் வாங்கிய மலிவான ஒட்டுப்பலகையில் அவர்களே கதவு ஒன்று செய்து கொண்டு வந்திருந்தார்கள். விளிம்புகளுக்கு வர்ணம் பூசவில்லை. இரவெல்லாம் ஈரத்தைக் குடித்துவிட்டு விடியும்போது கதவு ஊதி நிலையோடு இறுகிவிட்டது. கதாநாயகி கோபமாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியேற வேண்டிய காட்சி. அவர் இழுக்கிறார், கதவு வரவில்லை, சுவரே ஆடுகிறது. இழைப்புளியோடு என்னைக் கூப்பிட்டார்கள். பலகைக்கு முகத்தில் எவ்வளவு பூசினாலும் பயனில்லை, ஈரம் நுழைவது விளிம்பு வழியாகத்தான்.

என்னிடம் அதிகம் கேட்பது தேயிலைப் பெட்டி. தகர விளிம்பு அடித்த, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய பெட்டி. ஸ்டோர்களில் இப்போது கடதாசிச் சாக்குதான், பெட்டியைக் கண்ணால் காண முடியாது. லயங்களில் சிலர் அதைத் துணி வைக்கும் பெட்டியாக இன்னும் வைத்திருக்கிறார்கள். விலை கொடுத்துக் கேட்டாலும் தர மாட்டார்கள், சரிதான். அதனால் நான் புதிதாகவே செய்கிறேன். 1980களின் வீடு என்றால் கார் பற்றரியில் ஓடும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியும் கேட்பார்கள். ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் அது இருந்தது. பிதுருதலாகலை உச்சியில் இருக்கும் கோபுரத்தின் அடிவாரத்தில் நாங்கள், ஆனால் பற்றரி இறங்கிவிட்டால் நாடகத்தின் முடிவு தெரியாமலே வீட்டுக்குத் திரும்புவோம்.

பங்களா அப்புவின் மகன்

சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா அப்புவாக, அதாவது சமையல்காரராக, வேலை செய்த தோட்டத்துரை பங்களாவிலும் படம் எடுத்தார்கள். அங்கே ஆணி அடிக்க விடவில்லை. அந்தக் காலத்துச் சுவரில் கூரைக்குக் கீழே படம் மாட்டுவதற்கென்றே மரச்சட்டம் ஓடும். அதிலிருந்து தூண்டில் நரம்பால் எல்லாவற்றையும் தொங்கவிட்டுச் சமாளித்தார்கள். கணப்பில் நெருப்பு மூட்ட வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக் காலில் நின்றார். புகைபோக்கியைத் துப்பரவு செய்யாமல் மூட்ட வேண்டாம் என்று அப்பா சொன்னதை யாரும் கேட்கவில்லை. புகை முழுவதும் வரவேற்பறைக்குள் திரும்பி வந்தது. அன்று அறையிலிருந்து நடிகர்கள் ஓடிய ஓட்டத்தை எடுத்திருந்தால் நல்ல நகைச்சுவைக் காட்சியாக வந்திருக்கும்.

ஒன்று கவனித்தேன். பங்களாவில் எதையும் கழற்றவில்லை. இருந்ததற்கு மேல் பித்தளைப் பூச்சாடி வேறு கொண்டு வந்து வைத்தார்கள்.

அப்புத்தளை, ஆசிரியர்

மேலே எழுதியவரின் கடைசி இரண்டு வரிகளை நான் வெட்டி வைத்துக்கொள்கிறேன்.

என் அனுபவம் வேறு விதம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியா போன குடும்பங்களைப் பற்றிய கதை ஒன்றுக்கு எங்கள் லயத்தில் இரண்டு காட்சி எடுத்தார்கள். தகர டிரங்குப் பெட்டி, கயிறு கட்டிய மூட்டை, எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. நடிகர் பெட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். திண்ணையில் இருந்த என் அப்பாயி சத்தமாகவே சொல்லிவிட்டார்: 'அது என்ன, காற்றையா அடைத்துக்கொண்டு போகிறான்? என் அண்ணன் குடும்பம் போனபோது அம்மிக் குழவியைக்கூடப் பெட்டிக்குள் வைத்தார்கள். இரண்டு பேர் தூக்கினார்கள்.' வடிவமைப்புப் பிரிவுத் தம்பி ஒருவன் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் செங்கல் அடுக்கினான். அடுத்த முறை அந்த நடிகர் படியில் இறங்கியது வேறு மாதிரி இருந்தது. அந்தத் தம்பி பிறகு அப்பாயியின் பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன எடுத்துப் போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டான். அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கொட்டகலையிலிருந்து ஒருத்தி

ஆசிரியர் அண்ணா, அந்தத் தம்பியை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவனுடைய குறிப்புக் கொப்பியை நானும் இரவல் வாங்கியிருக்கிறேன்.

டிக்கோயா அக்கா, உங்கள் சுவரில் பூசியது பெரும்பாலும் தேயிலைச் சாயத்தில் குழைத்த கரித்தூளாகத்தான் இருக்கும். நீரில் கரைகிற எந்தப் பூச்சை மேலே அடித்தாலும் தேயிலைக் கறை அதையும் தாண்டி மேலே வரும். எத்தனை கோட் அடித்தாலும் இதே கதைதான். முதலில் சவர்க்காரத் தண்ணீரும் தும்புத் தூரிகையும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். இப்போது அடிக்க வேண்டாம், சுவர் ஈரத்தோடு இருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் வெயில் பிடித்துச் சுவர் காய்ந்த பிறகு எண்ணெய் வகைப் பிரைமர் ஒரு கோட் அடித்து, அதன்மேல் உங்கள் வெள்ளையை அடியுங்கள். பிரைமர் வாங்கும்போது நீர் வகையைத் தூக்கிக் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். டேப் பசைக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி போதும். அடுப்பு எரியாத நேரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு துடையுங்கள். நிலையின் வர்ணம் கழன்று வருகிறதா என்று முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி யாராவது வீடு கேட்டு வந்தால், சுவரைப் பழைய நிறத்துக்குக் கொண்டு வரும் செலவை வாடகையோடு சேர்க்காமல் தனியாக, முற்பணமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து வைக்கும் ஒவ்வொரு சாமானையும் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். ஷோகேஸை எங்கே வைப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.