புதுப்பிப்பு: கிளினிக் ஸ்டாக் விவகாரம்

எங்கள் பல் கிளினிக்கில் ஒரு பக்கம் பொருள் தீர்ந்துபோகிறது, மறுபக்கம் காலாவதியாகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். சாஃப்ட்வேர் வாங்கவில்லை. கடைசிப் பெட்டியின் மேல் ஒரு சிவப்பு அட்டை. அந்தப் பெட்டியைப் பிரிப்பவர் அட்டையை ஆர்டர் டப்பாவில் போட வேண்டும். கையுறை, பஞ்சு, சக்‌ஷன் டிப் (வாயில் எச்சிலை உறிஞ்சும் குழாயின் முனை) எல்லாம் இதிலேயே அடங்கிவிட்டன.

பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட்தான் அடங்கவில்லை. புதிதாக வந்ததை ஃப்ரிட்ஜில் முன்னால் வைக்கும் பழக்கம் லேசில் போகாது! இப்போது காலாவதித் தேதியை மார்க்கரில் பெரிதாக எழுதி, முதலில் முடிவது முன்னால். ஏ2 ஷேடு (பல் நிறச் சாயல்களில் ஒன்று) மளமளவென்று போகிறது. மற்ற ஷேடுகளைச் சலுகைக்காக மொத்தமாக வாங்குவதை நிறுத்தியாயிற்று.

அப்புறம், அட்ரினலின் கலந்த லிக்னோகெயினை (மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்து) ஜன்னலோர அலமாரியிலிருந்து மாற்றிவிட்டோம். வெயிலும் வெளிச்சமும் அட்ரினலினைக் கெடுத்துவிடும். பல் அச்சு எடுக்கும் பொடியான ஆல்ஜினேட்டுக்குக் காற்றுப்புகாத டப்பா வாங்க வேண்டும்.