உங்கள் ரிப்போர்ட் எங்கே சார்?

குழந்தைக்காக டெஸ்ட் எடுத்த ஆண்களின் கதையை நானே தொடங்கி வைக்கிறேன். கல்யாணமாகி நாலு வருடம், இன்னும் குழந்தை இல்லை. அதில் இரண்டு வருடம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாமே மனைவிக்குத்தான். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எடை 108 கிலோ, சர்க்கரை வந்து ஒன்பது வருடம், மாத்திரையை நினைத்தால் போடுவேன். புதிதாகப் பார்த்த மருத்துவர்தான் ஃபைலை முழுதும் புரட்டிவிட்டு, "உங்க ரிப்போர்ட் எங்கே சார்?" என்றார்.

லேபில் விந்து பிடித்த டப்பாவைக் கொடுத்தேன். அரை மில்லிகூட இல்லை. குறைந்தது 1.4 மில்லியாவது இருக்க வேண்டுமாம். "கீழே சிந்திடுச்சா?" என்று லேப்காரர் மெதுவாகக் கேட்டார். கூசிப்போனேன். சிந்தவில்லை. அடுத்த முறை, முடிந்த கையோடு சிறுநீரும் பிடித்துத் தரச் சொன்னார்கள். விந்தணுக்கள் அதில்தான் இருந்தன. அந்த நேரத்தில் மூத்திரப்பையின் வாய் இறுக மூடிக்கொள்ள வேண்டும். பல வருடச் சர்க்கரை அந்த நரம்பைக் கெடுத்துவிட்டதால் அது மூடாமல், விந்து பின்பக்கமாக உள்ளே போய்விடுகிறது. உச்சம் வரும், வெளியே ஒன்றும் பெரிதாக வராது. ஒரு வருடமாகவே அப்படித்தான் இருந்தது. வயசு, அலைச்சல் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்க முன்கூட்டியே மருந்து கொடுத்து, அதிலிருந்து விந்தணுவைப் பிரித்தெடுத்துச் சிகிச்சை நடக்கிறது. முதல் முறை கரு தங்கவில்லை.

—

எனக்குச் சர்க்கரை இல்லை, தொப்பை மட்டும்தான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. உடம்புக் கொழுப்பே அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடும் என்பது அப்போது தெரியாது. குறைந்தால் ஊற்றி நிரப்ப வேண்டியதுதானே என்று ஜிம் நண்பர் பேச்சைக் கேட்டு ஊசி போட்டுக்கொண்டேன் (ஆமாம், முட்டாள்தனம்தான்). தெம்பு பிரமாதமாக வந்தது. ஆறு மாதம் கழித்து விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்! ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால், 'அதான் இருக்கே' என்று மூளை விதைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடுகிறதாம். ஊசியை விட்டு எட்டு மாதமான பிறகு மில்லிக்கு 11 மில்லியன். குறைந்தது 16 இருக்க வேண்டுமாம், அதற்குக் கீழேதான், ஆனால் அந்தத் தாளை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன். குழந்தை வேண்டும் என்கிறவர்கள் அந்த ஊசிப் பக்கம் போகாதீர்கள்.

—

மனைவி பக்கத்திலிருந்து நான். என் கணவர் 14 கிலோ குறைத்தார், பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டோம். இலக்கைத் தொட்ட வாரமே அவசரமாக டெஸ்ட் எடுத்து, எதுவும் மாறவில்லை என்று இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்று அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று எண்ணியது பழைய உடம்பில் உருவானவை. பிறகு எடுத்ததில் அசைவு மட்டும் கூடியிருந்தது, எண்ணிக்கை அப்படியே. எல்லாருக்கும் எடை குறைந்தால் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

முதலில் எழுதிய சகோதரருக்கு ஒரு கேள்வி: சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இப்போது எவ்வளவு? அடுத்த முறைக்கு முன் அதைக் குறைக்கச் சொன்னார்களா?

—

8.9 இருந்தது சகோதரி, இப்போது 7.1. சொன்னார்கள். மாத்திரை டப்பா இப்போது மனைவியின் கையில்.