பிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடுது, பிரீசர் குளிரல: நீங்க பார்த்த பழுது எதுன்னு எழுதுங்க

கோவைப் பட்டறை:

ரெண்டு கதவு பிரிட்ஜ், பிராஸ்ட் ஃப்ரீ (ஐஸைத் தானே உருக்கிக்கிற வகை), 260 லிட்டர். கீழ்த்தட்டுல பால் திரியுது, மேல ஐஸ்கிரீம் கூழாகுது. ஏற்கெனவே ரெண்டு தடவை கேஸ் (குளிரூட்டுற வாயு) ஏத்தியாச்சாம். ஏத்தினா பத்து நாள் நல்லா இருக்கும், அப்புறம் பழையபடியே.

பிரீசர் உள்பக்கத் தகட்டைக் கழட்டினா காயிலே (குளிரை உண்டாக்குற குழாய்ச் சுருள்) கண்ணுக்குத் தெரியல. மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைக் கட்டி. காயில்மேல இருக்கற மெல்லிய தகடுகளுக்கு (ஃபின்) நடுவுல ஒரு நூல் இடைவெளிகூட இல்ல. ஃபேன் இறக்கையோட நுனி ஐஸ்ல உரசி உரசி ஒரு பக்கம் தேஞ்சே போயிருந்தது.

கேஸ் குறைஞ்ச காயில் இப்படி முழுசா உறையவே உறையாது. அப்படின்னா அந்தப் பத்து நாள் எப்படி ஓடுச்சு? கேஸ் ஏத்துறதுக்காக ஒரு நாள் முழுக்க ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க. ஐஸ் உருகிடுச்சு, காத்து ஓட வழி கிடைச்சுது. குளிர் திரும்பினது அதனால. ரெண்டு தடவை ஏத்தின கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஐஸை உருக்குற ஹீட்டர் 350 ஓம் காட்டுச்சு. 230 வோல்ட்ல 150 வாட் ஹீட்டருக்கு அதுதான் கணக்கு, அது நல்லா இருக்கு. போனது பைமெட்டல், அதாவது குளிர்ல மூடி ஹீட்டருக்குக் கரண்ட் விடுற ஸ்விட்ச். இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க: பைமெட்டலை வெளியே எடுத்து மேசையில வச்சு மீட்டர் வைக்கிறாங்க. அறைச் சூட்டுல அது திறந்துதான் இருக்கும், நல்ல பைமெட்டலும் "போச்சு"ன்னுதான் காட்டும். ஒரு டம்ளர்ல நொறுக்கின ஐஸ், அதுல ரெண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டுக் கலக்கி, பைமெட்டலைப் பாலிதீன் கவர்ல சுத்தி பத்து நிமிஷம் புதைச்சு வைங்க. அந்தக் குளிர்லயும் கன்டின்யூட்டி (மின் தொடர்பு) வரலன்னா மாத்துங்க. சில நூறு ரூபாய் சாமான்.

நாகை:

முழு ஐஸ்னா உடனே டீஃப்ராஸ்ட் (ஐஸ் உருக்குற அமைப்பு) பழுதுன்னு முடிவு பண்ண வேண்டாம். ஃபேன் நின்னாலும் காயில்ல ஐஸ் ஏறும். கேஸ்கட்ல (கதவோரக் காந்த ரப்பர்) இடைவெளி இருந்தாலும் ஏறும், அதுவும் எங்க ஊர் ஈரக்காத்துல ரொம்ப வேகமா. முதல்ல டோர் ஸ்விட்சைக் கையால அமுக்கிப் பிடிச்சு ஃபேன் சுத்துதான்னு பார்க்கணும். கதவு இடுக்குல ஒரு தாள் வச்சு மூடி இழுத்தா, தாள் பிடிச்சு நிக்கணும். வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல காந்தம் ஒட்டல.

இங்க கடலோரத்துல அதிகம் வர்றது வேற. தகட்டைக் கழட்டினா கேப்பிலரி (காயிலுக்கு கேஸ் கொண்டு வர்ற மெல்லிய குழாய்) வந்து சேர்ற முனையில மட்டும் ரெண்டு மூணு சுற்று வெள்ளையா இருக்கும், அதுக்கு அப்புறம் காயில் முழுக்கக் காஞ்சு கிடக்கும். விரலை வச்சு நகர்த்திக்கிட்டே போனா எந்த வளைவுல குளிர் முடியுதுன்னு தெரியும். லேபிள்ல 0.9 ஆம்பியர் போட்டிருக்கிற கம்ப்ரசர், கிளாம்ப் மீட்டர்ல 0.5 காட்டும். கம்ப்ரசர் உடம்பு தொட முடியாத சூடு. இது நிஜமான கேஸ் லீக்.

ஆனா எங்க? காயில்ல சோப்பு நுரை வச்சா ஒண்ணும் வராது. பிரீசர் கதவைச் சுத்தி, சட்டத்துக்குள்ள ஒரு இரும்புக் குழாய் ஓடுது, கதவு விளிம்பு வேர்க்காம இருக்கறதுக்காக. ஃபோம்ல ஈரம் இறங்கி துருப்பிடிச்சு ஓட்டையாகறது அதுதான். ஹை சைடை (கம்ப்ரசர் கேஸை அழுத்தி அனுப்புற பக்கம்) தனியா பிரிச்சு நைட்ரஜன் 150 பி.எஸ்.ஐ. வச்சு ராத்திரி விட்டா, காலையில முள் இறங்கியிருக்கும். ஃபோமை வெட்டித் தேட வேண்டாம். அந்தக் குழாயை ரெண்டு முனையிலயும் துண்டிச்சு, கண்டென்சர்ல (சூட்டை வெளியே விடுற குழாய்ச் சுருள்) இருந்து நேரா ட்ரையருக்கு (ஈரத்தை உறிஞ்சுற வடிகட்டி) கொண்டு போங்க. மழைக்காலத்துல கதவு ஓரம் வேர்க்கும்னு வீட்டுக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடணும். நைட்ரஜன் இல்லன்னு ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிடாதீங்க. ஆயிலோட சேர்ந்தா வெடிக்கும்.

கேப்பிலரி:

காலையில நல்லா குளிரும், மதியம் நின்னுடும். ரெண்டு மணி நேரம் ஆஃப் பண்ணிட்டுப் போட்டா திரும்பக் குளிரும். இதைப் பார்த்துட்டு தெர்மோஸ்டாட் மாத்தினாங்க, அடுத்து போர்டும் மாத்தினாங்க.

நின்னு போயிருக்கற நேரத்துல பார்க்கணும். காயில்ல காதை வச்சா சத்தமே இல்ல. கண்டென்சர் ஆறிப் போயிருக்கு. கேப்பிலரி காயிலுக்குள்ள நுழையுற இடத்துல சுடுதண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியைச் சுத்தினதும், அரை நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் திடீர்னு "சர்ர்ர்"னு கேஸ் பாயுற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டா வேற சோதனையே வேண்டாம். உள்ள இருக்கற ஈரம் கேப்பிலரி முனையில ஐஸாகி அடைக்குது.

முந்தி கேஸ் ஏத்தினவங்க ட்ரையரை மாத்தல, பழைய கம்ப்ரசரையே பம்ப்பா வச்சு வாக்யூம் இழுத்திருக்காங்க. அதால ஈரத்தை எடுக்க முடியாது. புது ட்ரையர் போட்டு, நல்ல வாக்யூம் பம்ப்ல முக்கால் மணி நேரம், நடுவுல நைட்ரஜன் விட்டு மறுபடி இழுத்த பிறகுதான் அந்த அடைப்பு நின்னுது. ட்ரையரோட மூடியைக் கடைசி நிமிஷத்துலதான் பிடுங்கணும். அரை மணி திறந்து வச்சா அது காத்துல இருக்கற ஈரத்தையே குடிச்சு வச்சிருக்கும்.

தராசு:

மேல எல்லாரும் கேஸ் கேஸ்னு எழுதுறீங்க, எந்த கேஸ்னு ஒருத்தரும் எழுதல. பைப்பைத் தொடறதுக்கு முன்னாடி கம்ப்ரசர் லேபிளைப் படிங்க. மஞ்சள் முக்கோணத்துல தீக்குறி இருந்தா ஆர்-600ஏ. மணமில்லாத, காத்தைவிடக் கனமான, எரியுற கேஸ். தரையோட தரையா தேங்கும்.

போன மாசம் வந்தது இப்படித்தான். ஆர்-600ஏ கம்ப்ரசர்ல யாரோ ஆர்-134ஏ-ங்கற வேற கேஸை அடிச்சிருந்தாங்க. போட்டா பத்து நிமிஷம் ஓடும், டக்குனு ஓவர்லோடு (மோட்டாரைக் காப்பாத்துற தானியங்கி ஸ்விட்ச்) வெட்டும். 600ஏ-க்குச் செஞ்ச கம்ப்ரசர் ஒரு சுத்துல அதிகக் கன அளவை இழுக்கும். அதுல அழுத்தம் கூடின 134ஏ போனா மோட்டார் தாங்காது, உள்ள இருக்கற மினரல் ஆயிலும் அதோட கலக்காது. மொத்தமா ஆயிலை மாத்தி, நைட்ரஜன் விட்டு ஊதி எடுக்க வேண்டியதாப் போச்சு.

அளவு: இந்த வகை வீட்டு பிரிட்ஜுக்கு 30-ல இருந்து 60 கிராம்தான். லேபிள்ல 45 கிராம்னா 45. அஞ்சு கிராம் கூடினாலே பத்து சதவீதத்துக்கு மேல தப்பு. கேஜைப் பார்த்து ஏத்துற பழக்கம் இங்க எடுபடாது. ஓடும்போது சக்‌ஷன் பக்கம் (கம்ப்ரசர் கேஸை உள்ள இழுக்கிற பக்கம்) வாக்யூம்லதான் நிக்கும், முள் பூஜ்ஜியத்துக்குக் கீழ இருக்கறதே சரி. அதைப் பார்த்துட்டு "கேஸ் பத்தல"ன்னு இன்னும் கொஞ்சம் விட்டா, பின்பக்க சக்‌ஷன் பைப் கம்ப்ரசர் வரைக்கும் வேர்த்து வெள்ளையாகும். ஒரு கிராம் காட்டுற டிஜிட்டல் தராசு வாங்குங்க. லோ சைடுல, அதாவது அதே இழுக்கிற பக்கத்துல, ஓட்டைன்னா கேஸ் வெளியே போறதைவிட, ஓடும்போது காத்துதான் உள்ள போகும். அதனால சோப்பு நுரை சோதனையைக் கம்ப்ரசரை நிறுத்திட்டுப் பண்ணுங்க. கேஸை வெட்டவெளியில விட்டுட்டு, நைட்ரஜன்ல ஊதின பிறகும் டார்ச் பத்த வைக்காதீங்க. பைப் கட்டரால வெட்டுங்க, அழுத்தி இணைக்கிற வளையம் போடுங்க. ஜன்னல் ரெண்டும் திறந்திருக்கட்டும். அடுப்பு, சாமி விளக்கு எல்லாம் அணைஞ்சிருக்கட்டும்.

ஒத்தக்கதவு:

ஐஸ் பெட்டியில மீன் பாக்கெட் ஒட்டிக்கிச்சுன்னு கத்தியால நெம்பினாங்க. "ஸ்ஸ்"ஸுன்னு ரெண்டு விநாடி. அலுமினியத் தகட்டுல ஊசிமுனை அளவு புள்ளி. அதோட நிக்காம ராத்திரி முழுக்க ஓட விட்டதுதான் பெரிய சேதம். உருகின தண்ணியை அந்த ஓட்டை வழியா கம்ப்ரசர் இழுத்துக்கிச்சு, ஆயில் பால் மாதிரி வந்தது. சத்தம் கேட்ட உடனே மெயின் போர்டுல ஆஃப் பண்ணணும். பிரிட்ஜ் பக்கத்து ஸ்விட்சைத் தொட வேண்டாம், தராசு சொன்ன எரியுற கேஸா இருந்தா தீப்பிடிக்க அந்தப் பொறியே போதும்.

மல்டிமீட்டர்:

"ஓடுது"ன்னு சொல்றதுல பாதி ஓடறதே இல்ல. உள்ள ஃபேன் சத்தம் கேக்கும், கம்ப்ரசர் "ம்ம்"னு உறுமிட்டு பத்து விநாடியில "க்ளிக்". சில நிமிஷம் கழிச்சு மறுபடி. ரிலேயை (கம்ப்ரசரைக் கிளப்பி விடுற பாகம்) பிடுங்கிக் காதுகிட்ட குலுக்கினா உள்ள கலகலன்னு உடைஞ்ச வில்லை. நல்ல பி.டி.சி. (ரிலேக்குள்ள இருக்கற அந்த வில்லை) ஆறின நிலையில பெரும்பாலும் 10 முதல் 35 ஓமுக்குள்ள காட்டும். கம்ப்ரசர் மூணு பின்னையும் அளங்க. காமன்–ரன் பின்னுக்கு நடுவுல 14 ஓம், காமன்–ஸ்டார்ட் 21 வந்தா, ஸ்டார்ட்–ரன் 35 வரணும். கூட்டுத்தொகை ஒத்துப்போனா மோட்டார் வைண்டிங் (உள்ள இருக்கற கம்பிச்சுற்று) அறுந்துபோகல. சாயங்காலம் மட்டும் இப்படி ஆகுதுன்னா ரிலேயைக் குறை சொல்றதுக்கு முன்னாடி வோல்ட்டேஜைப் பாருங்க.

இன்வெர்ட்டர் கம்ப்ரசர்ல (வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஓடுற வகை) மூணு பின்னுக்கும் நடுவுல ஒரே அளவுதான் வரும். அதுக்கு நேரா 230 வோல்ட் கொடுத்து சோதிச்சவங்க வைண்டிங்கை எரிச்சதுதான் மிச்சம்.

கோவைப் பட்டறை:

நாகை சொன்ன ஃபேன், கேஸ்கட் ரெண்டும் அந்த பிரிட்ஜுல பார்த்தாச்சு, ரெண்டும் சரி. ஐஸ் உருக்குற நேரத்தை டைமர் வச்சுப் பார்த்துக்கிற மாடல்னா, டீஃப்ராஸ்ட் பழுதைப் பிரிக்காமலே உறுதி பண்ணலாம். காயில்ல ஐஸ் இருக்கும்போதே டைமர் திருகை ஸ்குரூ டிரைவரால மெதுவா சுத்துங்க, "டக்"னு ஒரு சத்தத்தோட கம்ப்ரசரும் ஃபேனும் நிக்கும். இப்ப கிளாம்ப் மீட்டர்ல 0.6 ஆம்பியருக்கு மேல வரணும், அது ஹீட்டர் இழுக்கிறது. அஞ்சு பத்து நிமிஷத்துல பின்னாடி தட்டுல தண்ணி சொட்டும். மீட்டர் பூஜ்ஜியத்துல நின்னா ஹீட்டர், பைமெட்டல், ஃபியூஸ் மூணுல ஒண்ணு அறுந்திருக்கு. கரண்ட் ஓடியும் சொட்டலன்னா வடிகால் துளையில ஐஸ் அடைச்சிருக்கு, சுடுதண்ணியை சிரிஞ்சுல எடுத்து அங்க விடுங்க.