மறுமொழி: ‘ஸ்டேஷன் பிராண்டிங்’ – வழங்குபெயர், அடையாளக்கட்டு என இரண்டாகப் பிரிப்போம்

வணக்கம்.

ஒரு நிலையம் தன்னைச் சனங்களுக்குக் காட்டுகிற பெயரும் தோற்றமும்தான் ‘ஸ்டேஷன் பிராண்டிங்’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வணிக முத்திரையாக்கம், வர்த்தக நாமமிடல், நிலைய அடையாளம். அமெரிக்காவின் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களைப் பற்றித் தமிழில் எழுதிவரும் கோவை நண்பருக்கு ஒரு சொல் உடனே தேவை என்பது தெரியும். ஆனாலும் இந்த மூன்றில் ஒன்றை அவசரப்பட்டு ஏற்றுவிட வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு செய்திப் பிரிவில் எடிட்டிங் வேலை பார்க்கிறேன். நாங்கள் நாள் முழுக்கக் கையாளுகிற பொருளுக்கு வைக்கப்போகும் பெயர் இது என்பதால் மடல் கொஞ்சம் நீளும்.

முதலில் முத்திரை. எங்களுக்கு முத்திரை என்றால் தபால் கந்தோரில் வாங்கி உறையில் ஒட்டுவது. ‘நிலையம் புதிய முத்திரையை அறிமுகம் செய்தது’ என்று இங்கே எழுதினால் வாசிக்கிறவருக்குத் தபால் திணைக்களம்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாடு, இலங்கை என்ற இரு கரையிலும் செல்லுபடியாகிற சொல் கிடைக்குமென்றால் அதைத் தேடுவதுதான் முறை.

வர்த்தக நாமம் கொழும்பு விளம்பரத் தமிழில் நன்றாக ஊறிய சொல். ‘முன்னணி வர்த்தக நாமம்’ என்று வாரத்துக்குப் பத்து அறிக்கை வரும். பிஸ்கட்டுக்கும் சீமெந்துக்கும் அது சரி. செய்தி நிலையத்தின் பெயருக்கு அதற்கு மேலும் ஒரு வேலை இருக்கிறது: இந்தச் செய்தியைச் சொன்னது யார், பிழை என்றால் யாரைக் கேட்பது என்று அது காட்ட வேண்டும். ‘வர்த்தகம்’ என்று தொடங்கினால் அந்தப் பக்கமே மறைந்துவிடும். என் முழு வாதமும் இதுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

நிலைய அடையாளம் கிட்ட வருகிறது. ஆனால் அமெரிக்காவில் அதே பெயர் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. அங்கே ஒவ்வொரு நிலையமும் மணிக்கொரு தடவை தன் அழைப்புக்குறியையும் (உரிமத்தில் இருக்கும் எழுத்துக் குறி, ‘கோல் சைன்’) அதையடுத்து உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சொல்லவோ காட்டவோ வேண்டும் என்பது சட்டம். ‘ஸ்டேஷன் ஐடென்ரிபிகேஷன்’ என்பது அதுதான். அதை நிலைய அறிவிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அழைப்புக்குறி என்பதும் புதிதல்ல. 4எஸ்7 என்று தொடங்கும் குறியோடு பேசுகிற எங்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள் வழங்குகிற சொல்தான்.

நேற்று ஒரு மடலில் வந்த ‘அழைபெயர்’ என்ற பரிந்துரையையும் இதனாலேயே தவிர்க்கச் சொல்கிறேன். அழைப்புக்குறிக்குப் பக்கத்தில் அழைபெயர் வந்தால் ஒரே பந்தியில் இரண்டும் குழம்பும்.

இனிச் சிக்கலின் நடுவுக்கு வருவோம். அமெரிக்க நிலையம் ஒன்றுக்கு ஒரே நேரத்தில் பல பெயர்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலும் டபிள்யூவிலும் மேற்கே கேயிலும் தொடங்கும் அழைப்புக்குறி ஒன்று. அலைவரிசை எண் ஒன்று. ஏபிசி, சிபிஎஸ் போன்ற எந்த வலையமைப்போடு இணைந்திருக்கிறது என்பது இன்னொன்று. இவற்றுக்கு மேலே, சனங்கள் வாயில் வழங்குகிற பெயர்.

பிலடெல்பியாவை எடுங்கள். 1965-இல் அங்கே கேஒய்டபிள்யூ நிலையம் அல் பிறிமோ என்ற செய்தி இயக்குநரின் கையில் ‘ஐவிட்னஸ் நியூஸ்’ என்ற வடிவத்தை எடுத்தது. நிருபர்களே திரையில் தோன்றித் தங்கள் செய்தியைச் சொல்லும் முறை அது. 1968-இல் அவர் அதை நியூயோர்க்கின் டபிள்யூஏபிசிக்குக் கொண்டுபோனார். பிலடெல்பியாவில் போட்டி நிலையமான டபிள்யூஎப்ஐஎல் 1970-இல் ‘அக்ஷன் நியூஸ்’ என்று தொடங்கியது. அடுத்த ஆண்டே நிலையம் கைமாறி அழைப்புக்குறி டபிள்யூபிவிஐ ஆகிவிட்டது. ‘அக்ஷன் நியூஸ்’ மட்டும் அப்படியே நின்றது, இன்றும் நிற்கிறது. உரிமையாளர் மாறினார், குறி மாறியது, வழங்கிய பெயர் மாறவில்லை. இந்த வரலாற்றைத் தமிழில் எழுதும்போது எல்லாவற்றுக்கும் ‘பெயர்’ என்றே போட்டால், எந்தப் பெயர் போனது, எந்தப் பெயர் நின்றது என்று வாசகருக்கு விளங்காது.

இந்த நின்ற பெயருக்கு என் பரிந்துரை வழங்குபெயர். இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஊரில் வழங்குகிற பெயர் வேறு. இரண்டும் ஒரே ஆளுக்குத்தான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உரிமத்தில் இருப்பது பதிவுப்பெயர், திரையில் சொல்வது வழங்குபெயர். ‘1971-இல் அழைப்புக்குறி மாறியபோதும் வழங்குபெயர் மாறவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். எங்கும் இடறவில்லை.

அலைவரிசை எண்ணையும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் அங்கே எண்ணே வழங்குபெயரின் பாதி. ஏபிசியின் சொந்த நிலையங்கள் நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ், சிக்காகோ, சான் பிரான்சிஸ்கோ, டெட்ரொயிட் ஆகிய ஐந்து நகரங்களிலும் 7-ஆம் அலைவரிசையில் இருந்தன. 1962-இல் உருவான ‘வட்டத்துக்குள் 7’ இலச்சினை அப்படித்தான் பரவியது. 2009 ஜூன் 12-இல் முழுத்திறன் நிலையங்கள் அனலொக் ஒளிபரப்பை நிறுத்திய பிறகு பலருடைய உண்மையான அதிர்வெண் வேறாகிவிட்டது. ஆனாலும் பழைய எண்ணைத் திரையில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த எண்ணை ‘மெய்நிகர் எண்’ என்பதை விட ‘காட்டும் எண்’ என்பது எனக்குப் பிடிக்கிறது. அதைத் தனி இழையில் பேசலாம். எங்களுக்கு எண் பெரிதில்லை. இங்குள்ள கட்டணத் தொலைக்காட்சிச் சேவைகளில் டயலொக்கில் ஒரு எண், பியோ ரிவியில் வேறு எண், கேபிள்காரர் வைப்பது இன்னொன்று.

சரி, பெயர் முடிந்தது. ஆனால் பிராண்டிங் என்பது பெயர் மட்டும் அல்லவே. இலச்சினை, நிறம், எழுத்துரு, செய்தி தொடங்கும் இசை, ஆளின் பெயர் விழும் பட்டை, கீழே ஓடுகிற ஸ்க்ரோல், நிருபரின் ஒலிவாங்கியில் மாட்டும் சதுரக் கட்டை. இவை எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு ஒரு சொல் வேண்டும். நான் முன்வைப்பது அடையாளக்கட்டு.

மாவட்டச் செயலகத்தில் ஒரு ஊடகச் சந்திப்பு நடக்கிறது என்று வையுங்கள். மேசையில் ஒலிவாங்கிகளை அடுக்கியிருப்பார்கள். கொழும்பிலிருந்து ஒளிபரப்பாகும் சக்தி, வசந்தம், நேத்ரா. யாழ்ப்பாணத்தை இருப்பிடமாகக் கொண்ட டான். லண்டனில் தொடங்கிய ஐபிசி தமிழ். அவற்றுக்கு நடுவே யூரியூப்பிலும் முகநூலிலும் மட்டும் இருக்கிற பக்கங்களின் கட்டைகள். சிலது அழகாக வார்த்து எடுத்தது, சிலது ரெஜிபோமை (தெர்மாகோல்) வெட்டி நாலு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டியது. ஒருவர் தொலைபேசியின் முதுகில் இலச்சினையை ஒட்டிக்கொண்டு வந்து அப்படியே மேசையில் வைப்பார். பேசுகிறவர் முகத்துக்கு முன்னால் இருக்கிற அந்தக் கட்டைகளைப் பார்த்துத்தான் வீட்டிலிருப்பவர் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அறிகிறார். மேசையில் எல்லாம் ஒரே உயரம். உரிமம் பெற்ற நிலையமும் போன மாதம் தொடங்கிய பக்கமும் வித்தியாசம் இல்லாமல் நிற்கின்றன. புதிதாக வருகிறவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் சிலர் களத்துக்கு எங்களுக்கு முன்னால் போய் நிற்கிறார்கள். ஆனால் கட்டையில் இருக்கிற படத்துக்குப் பின்னால் ஒரு ஆசிரியர் இருக்கிறாரா, ஒரு முகவரி இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் வளர வேண்டும். அதைப் பற்றிப் பேசத்தான் எங்களுக்குச் சொல் வேண்டும்.

‘கட்டு’ என்று ஏன் போட்டேன் என்பதற்கு ஒரு சம்பவம். இங்கே ஒரு நிலையத்தின் பெயரில் போலிச் செய்தி அட்டை ஒன்று வாட்ஸ்அப்பில் ஓடியது. நாங்கள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மூலையில் இருந்தது அந்த நிலையத்தின் பழைய இலச்சினை, ஓரம் கழுவின மாதிரி மங்கல். தலைப்பின் எழுத்துரு வேறு. திகதியை மாதம் முதலில் வருமாறு எழுதியிருந்தது. அந்த நிலையம் ஒருநாளும் அப்படி எழுதுவதில்லை. வேலை தெரிந்தவருக்கு ஒரு பார்வை போதும். பார்த்த சனங்களுக்கோ சந்தேகமே வரவில்லை. காரணம் என்ன? அந்த நிலையமே முகநூலில் ஒரு இலச்சினை, திரையில் ஒன்று, யூரியூப்பில் இன்னொன்று என்று மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்தது. கட்டு அவிழ்ந்து கிடந்தபடியால் யார் வேண்டுமானாலும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போகக்கூடியதாக இருந்தது. ‘தொகுப்பு’, ‘தொகுதி’ என்ற சொற்களில் இந்த இறுக்கம் இல்லை. கட்டில் இருக்கிறது. ‘கட்டுக்கோப்பு’ என்று நாங்கள் சொல்வதும் அதே வேரிலிருந்துதான்.

‘அடையாளமாக்கம்’ என்று ஒருவர் சொன்னார். எல்லாவற்றுக்கும் ‘ஆக்கம்’ சேர்க்கிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வினை வேண்டுமென்றால் தமிழ் வினையாகவே வரட்டும்: அடையாளக்கட்டு அமைத்தல், அடையாளக்கட்டை மாற்றுதல். ‘ரீபிராண்டிங்’ என்பதற்கு இரண்டாவது போதும்.

ரொறன்ரோ நண்பர் கேட்டிருந்தார், பிராண்டிங் என்றே விட்டால் என்ன, ஸ்டூடியோவில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம் என்று. உண்மைதான், நானும் ‘லோகோ’ என்றுதான் கத்துவேன். ஆனால் ஒலிவாங்கி, நேர்முக வர்ணனை, நேரடி அஞ்சல் என்ற சொற்களெல்லாம் இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் வாயில் நாளும் வழங்கித்தான் வீடுகளுக்குள் போயின. அகராதியில் மட்டும் கிடந்திருந்தால் இன்று யாருக்கும் தெரிந்திராது. எங்களிடம் திரை இருக்கிறது, ஒலிவாங்கி இருக்கிறது. நாங்கள் வழங்காத சொல்லை வேறு யார் வழங்குவார்கள்?

உரிமை பற்றிய சொற்களையும் கூடவே முடிவுசெய்தால் நல்லது. வலையமைப்பு தானே வைத்திருக்கும் நிலையம் சொந்த நிலையம். ஒப்பந்தத்தில் அதன் நிகழ்ச்சிகளை எடுத்துப் போடுவது இணைநிலையம். இரண்டும் தெளிவு, இதில் விவாதம் வேண்டியதில்லை. ஆனால் வழங்குபெயரோடு சேர்த்துப் பார்க்கும்போது இவற்றின் அவசியம் தெரியும். 2018-இல் சிங்க்ளெயர் நிறுவனத்தின் நிலையங்கள் பலவற்றில் செய்தி வாசிப்பவர்கள் ஒரே உரையைச் சொல்லுக்குச் சொல் வாசித்த காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. மேரிலாந்திலுள்ள அந்த நிறுவனத்திடம் அப்போது 150-க்கு மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஊரின் வழங்குபெயர், ஊருக்குப் பழகின முகம். உரை மட்டும் ஒரே இடத்திலிருந்து. பெயர் உள்ளூர், பொறுப்பு வெளியூர். இதைத் தமிழில் எழுத, வழங்குபெயர் வேறு, உரிமை வேறு என்று பிரிக்கிற சொற்கள் இல்லாவிட்டால் முடியாது.

நேர்மாறான போக்கும் இருக்கிறது. சிபிஎஸ் தன் சொந்த நிலையங்கள் பலவற்றில் ‘சிபிஎஸ் நியூஸ்’ என்பதோடு ஊர்ப்பெயரைச் சேர்த்து வழங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவின் கேபிஐஎக்ஸ் இப்போது ‘சிபிஎஸ் நியூஸ் பே ஏரியா’. எங்கள் நாட்டில் சிரச, சக்தி, ரிவி வன் ஆகிய மூன்று அலைவரிசைகளுக்கும் மூன்று மொழியிலும் ‘நியூஸ் ஃபெஸ்ட்’ (News 1st) என்ற ஒரே செய்திப் பெயர் இருப்பது இதற்குக் கிட்ட வரும். நிலையத்தின் வழங்குபெயர் ஒன்று, செய்தியின் வழங்குபெயர் இன்னொன்று. ‘செய்தி வழங்குபெயர்’ என்று முன்னொட்டுச் சேர்த்தால் அதுவும் அடங்கிவிடுகிறது.

உதயன், வலம்புரி போன்ற யாழ்ப்பாணப் பத்திரிகைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தலைப்புக்குக் கீழே பதிப்பித்த இடமும் திகதியும் இருக்கும், கடைசியில் அச்சிட்டவர் விபரம் இருக்கும். தொலைக்காட்சியில் அந்த விபரம் ஓடுகிற திரையில் கரைந்துவிடுகிறது. வெட்டிப் பகிரும் துண்டுக் காணொளியில் முற்றாகவே காணாமல் போகிறது. மிஞ்சுவது மூலையில் இருக்கிற இலச்சினை மட்டும். அந்த இலச்சினைக்கு ‘மூலைச்சின்னம்’ என்று கோவை நண்பர் வைத்த சொல்லை நான் முழுமனதோடு ஏற்கிறேன். எங்கள் மேசையில் அதைச் சொல்லத் தொடங்கியும் விட்டோம்.

ஆக, சொற்பட்டியலில் சேர்க்க நான் கேட்பவை வழங்குபெயர், அடையாளக்கட்டு, நிலைய அறிவிப்பு, காட்டும் எண், மூலைச்சின்னம். இவற்றில் அடையாளக்கட்டுக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டு வாசகருக்குக் ‘கட்டு’ எப்படி ஒலிக்கிறது என்று அங்குள்ளவர்கள் சொல்லுங்கள். எதிர்க்கிறவர்கள் மாற்றுச் சொல்லை மட்டும் அனுப்பாமல், அதை வைத்து ‘நிலையம் தன் …-ஐ மாற்றியபோது பழைய இலச்சினையை வைத்துப் போலி அட்டைகள் வந்தன’ என்ற வாக்கியத்தையும் முழுமையாக எழுதி அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து