முதலாம் ஆண்டுப் பொருளியல்: எந்த விரிவுரையாளரிடம் பதிவது?

திருகோணமலையிலிருந்து கனடாவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், "அண்ணா, பொருளியலுக்கு எந்தச் சேர் நல்லவர்?" என்று கேட்டிருந்தார். ஊரில் உயர்தர டியூஷனுக்கு நாங்கள் கேட்ட அதே கேள்வி. எந்த வகுப்பு வாசலில் சைக்கிள்கள் அதிகம் நிற்கின்றனவோ அங்கே சேர்ந்துவிடுவோம். அது அங்கே சரியாக இருந்தது. யாரிடம் படித்தாலும் நாடு முழுவதற்கும் வினாத்தாள் ஒன்றுதான்.

இங்கே பெரும்பாலும் படிப்பிப்பவரே வினாத்தாளைத் தயாரிக்கிறார், புள்ளிகளை எப்படிப் பிரிப்பதென்றும் அவரே முடிவு செய்கிறார். ஆகவே விரிவுரையாளரைத் தெரிவுசெய்யும்போதே பரீட்சையையும் தெரிவுசெய்துவிடுகிறீர்கள். பெயரை விசாரிக்கும் முன் அவருடைய பாடத்திட்டத்தை வாங்கிப் புள்ளிப் பங்கீட்டைப் படியுங்கள். சில பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரே பாடத்தை வெவ்வேறு விரிவுரையாளர்கள் படிப்பிக்கும் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுப் பரீட்சை உண்டு. அங்கே "இலகுவாகப் புள்ளி போடுபவர்" என்று தேடுவதில் பயனில்லை.

நான் அப்படித் தேடித்தான் அடிபட்டேன். மூத்த மாணவர்கள் புகழ்ந்த அந்த விரிவுரையாளர் 90 வீதப் புள்ளிகளை இரண்டே பரீட்சைகளில் வைத்திருந்தார். முதல் பரீட்சையில் 'எலாஸ்டிசிட்டி' என்ற சொல்லைக் கண்டதும் கை நின்றுவிட்டது. 'நெகிழ்ச்சி' என்று இருந்திருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். பாடம் எனக்குத் தெரியும், சொல்தான் தெரியாது. தமிழ்மொழி மூலம் படித்து வந்தவர்களுக்கு முதல் ஆறு வாரங்கள் இப்படித்தான் போகும். அதனால் வாரந்தோறும் சிறு ஒப்படைகள் தருபவரை, இருபது முப்பது பேர் இருக்கும் பயிற்சி வகுப்பு உள்ள பிரிவைத் தேடுங்கள். அவர் மாணவரைச் சந்திக்கும் நேரம் உங்கள் வேலை நேரத்தோடு மோதக்கூடாது. இதைப் பலர் பார்ப்பதேயில்லை.

தொடக்க நாட்களில் தண்டமின்றிப் பிரிவு மாறலாம். கடைசித் திகதி பல்கலைக்கழக நாட்காட்டியில் இருக்கும். அதற்குள் இரண்டு பேரின் விரிவுரைக்காவது போய் இருந்து பாருங்கள். முடிந்த வரைபடத்தைத் திரையில் காட்டிவிட்டுக் கடந்து போகிறாரா, அல்லது கேள்வி ('டிமாண்ட்') வளையியை வரைந்து, நிரம்பல் ('சப்ளை') வளையியை இடப்பக்கம் நகர்த்தி, விலை ஏன் ஏறியது என்று நின்று சொல்கிறாரா? இரண்டாமவரிடம் பதியுங்கள். மாரியில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும்போது சந்தையில் சூடை மீன் விலை ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். அந்தக் கோடு நகரும் விதம் உடனே பிடிபடும்.

நுண்பாகப் பொருளியலை ('மைக்ரோ') முதலில் எடுங்கள். பேரினப் பொருளியல் ('மேக்ரோ') தனிப் பாடம், அதற்கு வேறொருவரைத் தேடலாம். அங்கே வகுப்பில் கேள்வி கேட்க விடுபவரே முக்கியம். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற உங்களுக்குப் பணவீக்கம் பற்றிக் கேட்க நிறைய இருக்கும்.

உயர்தரப் பொருளியல் கொப்பியை வீட்டில் விட்டு வந்திருந்தால், அம்மாவிடம் சொல்லி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமையச் செலவுக்குப் பக்கத்தில் 'ஆப்பர்சூனிட்டி காஸ்ட்', எல்லைப் பயன்பாட்டுக்குப் பக்கத்தில் 'மார்ஜினல் யூட்டிலிட்டி' என்று வகுப்புத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.