முனை இரண்டும் வர்க்கம், ஆனாலும் முழு வர்க்கம் இல்லையா?

கேள்வி:
வணக்கம். காரணிப்படுத்தலில் ஒரு குழப்பம். (கைபேசியில் தமிழ் விசைப்பலகை மட்டும்தான் இருக்கிறது. எக்ஸ் வரும் இடத்தில் ‘க’ போட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கணக்கு: 9க² + 15க + 4. ஒன்பதும் நான்கும் வர்க்க எண்கள் என்பதால் (3க + 2)² என்று எழுதிவிட்டேன். விடைப்பகுதியில் (3க + 1)(3க + 4) என்று இருக்கிறது. 4க² + 12க + 9 கணக்கை இதே வழியில்தான் போட்டேன், (2க + 3)² சரியாக வந்ததே?

பதில் 1:
அங்கே சரியாக வந்தது அதிர்ஷ்டம். நீங்கள் நடு உறுப்பைப் பார்க்கவே இல்லை. முனைகளின் வர்க்கமூலங்களைப் பெருக்கி இரட்டிப்பாக்கினால் நடு உறுப்பு வர வேண்டும். 2 × 2க × 3 = 12க, பொருந்துகிறது. இங்கே 2 × 3க × 2 = 12க, உங்களிடம் இருப்பதோ 15க. 3க இடிக்கிறது.

முற்றொருமை பொருந்தாவிட்டால் நடு உறுப்பைப் பிரிக்க வேண்டியதுதான். 9 × 4 = 36. பெருக்கினால் 36, கூட்டினால் 15 வரும் எண்கள் 12, 3.
9க² + 12க + 3க + 4
= 3க(3க + 4) + 1(3க + 4)
= (3க + 1)(3க + 4)

முனைகளில் வர்க்கத்தைக் கண்டதும் கை பரபரக்கும். எனக்கும் அப்படித்தான்.

பதில் 2:
தன்மைகாட்டியையும் (நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து முனை எண்களின் பெருக்கலைப் போல் நான்கு மடங்கைக் கழித்தால் வருவது) பாருங்கள். 15² − 4 × 9 × 4 = 81. பூச்சியம் வராததால் முழு வர்க்கம் இல்லை. 81 வர்க்க எண் என்பதால் முழு எண்களிலேயே காரணி உண்டு. பிரிக்க உட்காரும் முன் இதைப் போட்டுப் பார்த்தால் வீண் அலைச்சல் மிச்சம்.

கேட்டவர்:
சரி, புரிந்தது. அப்புறம் இன்னும் இரண்டு. 2க² − 50 கணக்கை, 2 வர்க்க எண் இல்லையே என்று விட்டுவிட்டேன். க² + 16-ஐ (க + 4)² என்று எழுதலாமா?

பதில் 1:
முதலாவதில் பொதுக் காரணியை வெளியே எடுங்கள்: 2(க² − 25) = 2(க + 5)(க − 5). எந்தக் கணக்கிலும் இதுதான் முதல் வேலை.

இரண்டாவது கூடாது. (க + 4)²-ஐ விரித்தால் 8க வந்து நிற்கும். க² + 16 மெய்யெண்களில் உடையவே உடையாது. க² ஒருபோதும் குறை எண் ஆகாது, ஆகவே கோவையின் மதிப்பு 16-க்குக் கீழே இறங்காது. காரணி இருந்தால் எங்காவது பூச்சியம் ஆகியிருக்க வேண்டுமே.

கேட்டவர்:
நன்றி. 16க² + 26க + 9 போட்டுப் பார்த்தேன். (4க + 3)² என்று எழுதப் போய், 24க-தான் வருகிறது என்று நிறுத்திவிட்டேன். விடை (8க + 9)(2க + 1). விரித்தும் பார்த்தாயிற்று.